ரத்தம் கிடைத்துவிட்டால் ஒரு வரி போடுங்கள்

உதவி வாங்கியபின் நன்றி சொல்ல மறந்துவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள், நூற்றுக்கு நூறு சரி. போன மாதம் எங்கள் தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுவில் 'ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாவுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம்' என்று வந்தது. பக்கத்துத் தெரு தம்பி காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு நின்றவன், அப்படியே பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு முறை கொடுத்தால் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும், சின்ன விஷயமா அது? கேட்டவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அதைவிட மோசம், கிடைத்துவிட்டது என்றுகூடப் போடாததால் அந்தத் தகவல் மணலி, எண்ணூர் என்று இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நேற்று ஒரு பையன் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறான். தம்பி நன்றியெல்லாம் எதிர்பார்க்கவில்லை, 'அந்த அம்மா பிழைச்சிட்டாங்களாண்ணே?' என்றுதான் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.