இழுப்பறை திறக்கவில்லை

(நாகர்கோவில். ஐப்பசி அடைமழை. பரமசிவம் ஓய்வுபெற்ற எழுத்தர். குறை சொல்வதில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆசாரி வாசலில் குடையை மடக்குகிறார்.)

பரமசிவம்: வாரும் ஆசாரி. பலா மரத்தில் எழுதுமேசை கேட்டேன். நீர் கொண்டுவந்து போட்டபோது சுளை மாதிரி மஞ்சளாகத்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் கருப்பட்டி நிறமாகிவிட்டது. எந்த மரத்துக்குச் சாயம் பூசி என் தலையில் கட்டினீர்?

ஆசாரி: சாயமா? அந்த ரேடியோவைக் கொஞ்சம் தூக்குங்கள் சார்.

பரமசிவம்: (தூக்கி) அட! அச்சடித்த மாதிரி அடியில் ஒரு மஞ்சள் கட்டம்!

ஆசாரி: வெளிச்சமும் காற்றும் பட்டால் பலா சிவந்து கறுக்கும். புதுத் தேக்கும் முதலில் திட்டுத்திட்டாகத் தெரியும், போகப்போகத்தான் பொன்னிறமாகும். ஈட்டி மரம் நேர்மாறு, வெயிலில் வெளிறும். உங்கள் ரேடியோ இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பரமசிவம்: அதுவும் பென்ஷன் வாங்குகிறது. சரி, இந்த வெள்ளை வட்டங்கள்?

ஆசாரி: (விரல்விட்டு எண்ணி) பதினொன்று. ஒரு நாளைக்கு எத்தனை காபி சார்?

பரமசிவம்: மெதுவாகப் பேசும். வீட்டில் இரண்டு என்றுதான் கணக்கு.

ஆசாரி: பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. சுடச்சுட டம்ளரை வைத்தால் ஈரம் உள்ளே புகுந்து அந்த இடம் வெளுத்துவிடும். ஸ்பிரிட் தொட்ட துணியால் பட்டும் படாமலும் ஒற்றிப் பார்க்கலாம்.

பரமசிவம்: நான் தேங்காய் எண்ணெய் அல்லவா தேய்த்தேன்! சனிக்கிழமை தவறாமல்.

ஆசாரி: சீயக்காயும் போட்டீர்களா? அதுதான் ஊர்த் தூசியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. சிக்கு வாடை வேறு. காய்ந்த துணியால் துடைத்தால் போதும் சார்.

பரமசிவம்: போகட்டும். இந்த இழுப்பறை திறக்க மாட்டேன் என்கிறது. இரண்டு இழைப்பு இழைத்துவிடும்.

ஆசாரி: அது மட்டும் முடியாது. மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். அதுவும் குறுக்குவாட்டில்தான், நீளவாக்கில் வளர்வது கண்ணுக்கே தெரியாது.

பரமசிவம்: (வயிற்றைத் தடவி) யாரைச் சொல்கிறீர்?

ஆசாரி: மரத்தை, சார். இப்போது இழைத்தால் சித்திரையில் சுருங்கி லொடலொடவென்று ஆடும். தை பிறக்கட்டும், தானாகத் திறக்கும். அப்போது பக்கப் பலகைகளில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும்.

பரமசிவம்: தை வரைக்குமா? சரி, எனக்கொன்றும் அவசரமில்லை. உமக்குத் தரவேண்டிய பாக்கி 2,000 ரூபாயைச் சித்திரையிலேயே கவரில் போட்டு இதற்குள்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

(மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது.)

ஆசாரி: சார், மேசையை அந்தப் பக்கம் பிடியுங்கள்.

பரமசிவம்: எதற்கு?

ஆசாரி: சுவரை விட்டு நகர்த்தினால் பின்பலகை. நாலே நாலு திருகாணி.

பரமசிவம்: தை பிறக்கட்டும் என்றீரே!

ஆசாரி: (திருப்புளியைத் தேடியபடி) இழைக்கத்தான் தை, சார். கழற்றுவதற்கு யாரும் மாதம் பார்ப்பதில்லை.