கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வெனிஸ் போனால் என்ன?

நேற்றிலிருந்து ஆளாளுக்கு அந்தப் படத்தை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். வெனிஸ் ரயில் நிலையப் படிக்கட்டு, ஜெர்மனியில் படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர், முதுகுப் பைகள், நடுவில் திறந்து வைத்த எவர்சில்வர் டப்பா. அதை எடுத்து இணையத்தில் போட்ட பிரபலம் யாரென்று எல்லோருக்கும் தெரியும். நானும் அவர் பெயரைச் சொல்லி அவருக்கு ஆள் சேர்த்துவிட வேண்டாம். "காசில்லாதவன்லாம் எதுக்கு ஐரோப்பா வரணும், நம்ம மானத்தை வாங்கவா?" என்று மேலே ஒரு வரி. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

சரி, நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் பிள்ளைகள் செய்த தப்பு என்ன? பசித்தது, சாப்பிட்டார்கள். யாரிடமும் கை நீட்டவில்லை, எதையும் திருடவில்லை. வீட்டில் கிளறிக் கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட்டார்கள். டப்பாவில் இருப்பது பார்த்தால் புளிசாதம் மாதிரி தெரிகிறது.

"வெனிஸில் அதுக்குச் சட்டம் இருக்கு ப்ரோ" என்று கிளம்பி வருவீர்கள், தெரியும். இருக்கிறது. சான் மார்கோ சதுக்கத்திலோ, பாலத்துப் படியிலோ, பழைய கட்டடங்களின் வாசலிலோ உட்கார்ந்து சாப்பிட்டால் 100 யூரோவுக்கு மேல்கூட அபராதம் விழலாம். காவலர் வந்து எழுந்திருக்கச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் எழுந்து போயிருப்பார்கள். அந்தப் படத்தில் காவலர் யாரும் இல்லை. நம்ம ஊர்க்காரர் ஒருவர் போனோடு நிற்கிறார், அவ்வளவுதான். படத்தில் இருக்கிற அந்த சாந்தா லூச்சியா ரயில் நிலையத்துப் படிக்கட்டில் காலையிலிருந்து இரவு வரை ஊர்ப்பட்ட சனம் உட்கார்ந்திருக்கும். அத்தனை பேரையும் விட்டுவிட்டு கேமரா இந்த நான்கு பேர் மேல் மட்டும் போனது ஏன் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2019இல் ரியால்டோ பாலத்துப் படியில் அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்ட இரண்டு பேருக்கு 950 யூரோ அபராதம் போட்டு ஊரைவிட்டே வெளியேறச் சொன்னார்கள். முதுகுப் பையோடு வந்த ஜெர்மன்காரர்கள் அவர்கள். ஜெர்மனியின் மானம் கப்பலேறிவிட்டது என்று எந்த ஜெர்மன்காரரும் அழுததாக எனக்குத் தெரியவில்லை. நமக்குத்தான் மானம் இவ்வளவு மலிவு. ஒரு சோற்று டப்பாவோடு போய்விடுகிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் அந்த ஊருக்குப் போய் இறங்கினேன். மாணவனாக இருந்த காலம், மியூனிக்கிலிருந்து இரவுப் பேருந்து. நடுவழியில் எல்லைச் சோதனைக்கு ஏறியவர்கள் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களைத் தாண்டி நேராக என்னிடமும் பின்னிருக்கை ஆப்பிரிக்கப் பையனிடமும் வந்து பாஸ்போர்ட் கேட்டார்கள். அதை ஒரு குறையாகக்கூட அப்போது நினைக்கத் தோன்றவில்லை. விடியுமுன் மெஸ்த்ரேயில் இறக்கிவிட்டார்கள். மெஸ்த்ரே என்பது கரையில் இருக்கும் வெனிஸ், விலை குறைந்த படுக்கையெல்லாம் அங்கேதான். ஹாஸ்டலில் பிற்பகல்தான் படுக்கை தருவார்கள். பையை மட்டும் வைத்துவிட்டு முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்தேன். பத்து நிமிடம், இரண்டு பக்கமும் தண்ணீர்.

சாந்தா லூச்சியாவை விட்டு வெளியே வந்தால் ரோடே கிடையாது! படியிறங்கினால் கிராண்ட் கனால், எதிரே பச்சைக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம். படகுக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. இன்றைக்கு 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, அன்றைக்கும் எனக்கு அது பெரிய காசுதான். நடந்தேன். சுவரில் மஞ்சள் பலகையில் 'பெர் ரியால்டோ', 'பெர் சான் மார்கோ' என்று அம்புக்குறி போட்டிருக்கும். சில இடத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டுமே சான் மார்கோ. அந்த நேரத்தில் டூரிஸ்ட் யாரும் இல்லை. காய்கறிப் பெட்டிகளோடு ஒரு படகு வந்து நிற்கிறது. ஒருவர் கைவண்டியில் பெட்டிகளை அடுக்கிப் பாலத்துப் படியில் ஏற்றுகிறார். வண்டியின் முன்னால் தனியாக இரண்டு சின்னச் சக்கரம். அதை முதலில் படியில் ஊன்றி, பின்னால் இருந்து ஒரு தள்ளு, அப்புறம் அடுத்த படி. பாலம் முழுக்க அப்படியே. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் "அத்தென்சியோனே!" என்று ஒரு சத்தம் போட்டார், ஒதுங்கிக்கொண்டேன்.

அந்தக் காலை நேரத்து வெனிஸ் காசு கொடுத்துக் கிடைப்பதில்லை. இரவுப் பேருந்தில் கழுத்து வலிக்க வந்து இறங்கியவனுக்குக் கிடைக்கிறது. ஹோட்டலில் பஃபே முடித்து ஒன்பதரைக்குக் கொடி பிடித்தவர் பின்னால் வரிசையாகக் கிளம்புகிறவர்களுக்கு அது வேறு ஊர். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்தான்.

அன்றைக்கு நானும் கையில் கொண்டுபோனதைத்தான் சாப்பிட்டேன். தண்ணீர் தெருக் குழாயில். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்கள் உண்டு, தண்ணீர் நன்றாகவே இருக்கும். யாரும் என்னைப் படம் எடுக்கவில்லை. என் அதிர்ஷ்டம், அப்போது நம்ம ஆள் அங்கே இல்லை.

"இப்படி வர்றவங்களாலதான் அந்த ஊரே நாசமாப் போகுது" என்று ஒரு அறிவாளி எழுதியிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். வெனிஸின் பழைய நகரப் பகுதியில் 1950களின் தொடக்கத்தில் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் இருந்தார்கள். 2022இல் அது ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வீடுகளை வாங்கி டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விட்டதில், குடியிருந்தவர்களுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை, கரைக்குப் போய்விட்டார்கள். அடுக்குமாடி உயரத்துக் கப்பல்கள் ஊர் நடுவே போய்க்கொண்டிருந்தன, 2021இல்தான் அதை நிறுத்தினார்கள். 2024இலிருந்து, கூட்டம் அதிகமுள்ள நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். கடைசி நேரத்தில் பதிவு செய்தால் அது 10 யூரோ. மெஸ்த்ரே ஹாஸ்டலில் படுக்கிறவனுக்கு அந்தக் கட்டணம் இல்லை, ஏனென்றால் அவன் இரவு தங்கும் வரி கட்டுகிறான். ஆமாம், நீங்கள் சிரிக்கிற அந்தப் பஞ்சப் பரதேசி அந்த ஊருக்கு வரி கட்டுகிறான். (போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: விலக்கு இருந்தாலும் இணையத்தில் பதிந்து க்யூஆர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாமல் மாட்டினால் 50 யூரோவிலிருந்து 300 வரை போகும்.)

2025 ஜூனில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அங்கே போய்க் கல்யாணம் செய்தபோது உள்ளூர் மக்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். விருந்து நடக்கும் இடத்தையே மாற்ற வேண்டி வந்தது. எவர்சில்வர் டப்பாவை எதிர்த்து வெனிஸில் ஊர்வலம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கையால் சாப்பிட்டது அசிங்கம் என்று சொல்கிற தமிழர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. தாண்டிப் போகிறேன்.

"காசு சேர்த்துக்கிட்டு அப்புறமா வரலாமே?" இது நியாயமான கேள்வி மாதிரி தெரியும். எப்போது வருவது? ஜெர்மனியில் படிக்க வருகிற பிள்ளை முதல் வருடச் செலவுக்கென்று 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும், மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதுவும் பல வீடுகளில் கடன் வாங்கிக் கட்டியது. ஜெர்மனியில் கொடுக்கிற குடியிருப்பு அனுமதி அட்டை கையில் இருக்கும்போது இத்தாலிக்குத் தனி விசா வேண்டாம், ஒரு பஸ் டிக்கெட் போதும். படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பிவிட்டால் அதே இத்தாலிக்கு 90 யூரோ விசாக் கட்டணம், முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மெண்ட், ஹோட்டல் பதிவு, அப்பாயின்ட்மெண்ட்டுக்குக் காத்திருப்பு. அப்புறம் லீவு கிடைக்காது, கல்யாணம், வீட்டுக் கடன், குழந்தைக்கு எல்.கே.ஜி. நீங்கள் சொல்கிற 'அப்புறம்' வருவதே இல்லை.

காசில்லாமல் ஊர் சுற்றும் வழக்கமே ஐரோப்பாவில் வளர்ந்ததுதான் என்று அவருக்கு யாராவது சொல்லுங்கள். 1909இல் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகும்போது புயலில் மாட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். நடந்து ஊர் பார்க்கிற பிள்ளைகளுக்கு மலிவாகப் படுக்க இடம் வேண்டும் என்று அங்கே தோன்றியதுதான் இன்றைய யூத் ஹாஸ்டல். 1972இல் இளைஞர்களுக்கென்றே, ஒரே டிக்கெட்டில் பல நாடுகளைச் சுற்றும் இன்டர்ரெயில் பாஸ் வந்தது. 2018இலிருந்து ஐரோப்பிய ஒன்றியமே பதினெட்டு வயதுப் பிள்ளைகளில் பலரைத் தேர்ந்தெடுத்து இலவச ரயில் பாஸ் கொடுக்கிறது, போய் ஊரைப் பார் என்று. அவர்கள் பிள்ளை ரொட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போனால் அனுபவம். நம் பிள்ளை சோற்றைக் கட்டிக்கொண்டு போனால் மானக்கேடா?

பழனிக்கும் திருப்பதிக்கும் கட்டுச்சோறு இல்லாமல் போன குடும்பம் எது? மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை ரயிலில் பிரித்ததே இல்லை என்று அந்தப் பிரபலம் சொல்லட்டும் பார்ப்போம்.

உண்மையில் சோறும் அவருக்குப் பிரச்சினை இல்லை, சட்டமும் பிரச்சினை இல்லை. கடன் வாங்கிப் படிக்கிறவன் சிரித்துக்கொண்டே படத்தில் இருக்கிறான், அதுதான் பிரச்சினை. அவன் கடன் முடிகிறவரை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பகுதிநேர வேலைக்குப் போய்க் கிடங்கில் பார்சல் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் படத்தில் இருக்கிற பெண்ணைப் பற்றி என்னென்ன எழுதியிருக்கிறார்கள், பார்த்தீர்களா? அவளும் அதே கிடங்கில்தான் வேலை செய்வாள். அவள் வீட்டில் இன்று இரவு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

எனக்குத் தெரியும் அது என்ன பேச்சென்று. வெனிஸில் எடுத்த படம் ஒன்றை அன்றைக்கு நான் முகநூலில் போட்டேன். ரியால்டோ பாலம், நான், ஒரு வாழைப்பழம். ஊரில் என் சித்தப்பா அதை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டி, "படிக்க அனுப்பினீங்களா, ஊர் சுத்த அனுப்பினீங்களாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். அப்பா போனில் திட்டவே இல்லை. "அந்தப் படத்தை எடுத்துடேன்பா" என்று மட்டும் சொன்னார். எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு படிப்பு முடிகிறவரை எங்கே போனாலும் ஒரு படம் போட்டதில்லை. கடனெல்லாம் கட்டி முடித்தாகிவிட்டது, அப்பாவும் போய்விட்டார்.

சித்தப்பா, நீங்களும் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறீர்கள், இதைப் படிப்பீர்கள். உங்கள் மருமகன் குடும்பத்தோடு ஐரோப்பா டூர் போய் வெனிஸில் கோண்டோலாப் படகில் உட்கார்ந்திருக்கிற படத்தைப் போன வாரம் போட்டிருந்தீர்கள். அரை மணிக்கு 90 யூரோ அது. நன்றாக இருக்கட்டும், லைக் போட்டிருக்கிறேன், பாருங்கள்.