கேட்ச் கேன் வாங்கும் முன் ஹோஸ் போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

டர்போவும் நேரடி இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த இன்ஜினுக்கு ஆயில் கேட்ச் கேன் (இன்ஜினுக்குள் சுற்றும் வாயுவிலிருந்து ஆயிலைப் பிரித்துப் பிடிக்கும் கலன்) நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பலர் மாட்டிவைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால், இதற்கு மாட்டாமலே இருந்திருக்கலாம் என்று கோபம்தான் வருகிறது.

2015 முதல் 2021 வரை அமெரிக்காவில் விற்ற சுபாரு டபிள்யூஆர்எக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் 2 லிட்டர் எஃப்ஏ20 டர்போ இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. இன்டேக் வால்வின் பின்பக்கத்தைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் இருக்கும் ஆயில் புகையையும் சேர்த்துக்கொண்டு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகிறது. அந்த ஆயில் சூடான வால்வில் கருகிப் படிகிறது. டொயோட்டா 86-இல் உள்ள எஃப்ஏ20-க்கு, வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோல் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்டரும் உண்டு என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

இந்த வாயுவுக்கு இரண்டு வழிகள். ஐடிலிலும் நிதான ஓட்டத்திலும், கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் ஒருவழி வால்வான பிசிவி வழியாக மேனிஃபோல்டுக்குப் போகும். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறியதும் பிசிவி மூடிக்கொள்ளும். பிறகு பிரீதர் ஹோஸ் வழியாக டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயில் சேரும். சாலையில் மட்டும் ஓடும் காருக்கு பிசிவி பக்கம் ஒரு கேன் போதும். டிராக்கில் ஓட்டுபவர் பிரீதர் பக்கத்தையும் கவனிக்கவேண்டும். பாக்ஸர் இன்ஜினான இதன் சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருப்பதால், நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்க சிலிண்டர் ஹெட்டில் போய்த் தேங்கி பிரீதரில் ஏறிவிடும்.

பிசிவி வால்வைக் கழற்றி எறியாதீர்கள். அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில்தான் கேன் வரவேண்டும். பூஸ்டில் மேனிஃபோல்டு அழுத்தம் முழுவதும் அந்த கேனுக்குள் வரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மலிவு கேனின் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயும் ஓ-ரிங்கும் முதலில் கசிவது அதனால்தான். மேலே சின்ன ஃபில்டர் வைத்த கேனை இந்தப் பக்கம் மாட்டவே கூடாது: ஐடிலில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அளக்காத காற்று உள்ளே போய்க் கலவை மெலியும், பூஸ்டில் அழுத்தம் வெளியேறும். உள்ளே தடுப்புத் தகடோ ஸ்டீல் வலையோ இல்லாத கேன் வெறும் டப்பா. இன், அவுட் மாற்றி மாட்டினால் நல்ல கேனும் அப்படித்தான்.

ஹோஸ் ஆயில் தாங்கும் நைட்ரைல் ரகமாகவும், வேக்குவத்தில் ஒட்டிக்கொள்ளாத கனத்திலும் இருக்கட்டும். ஹீட்டர் ஹோஸ் ஆயில் பட்டால் ஊதிவிடும். சாதாரண சிலிக்கான் ஹோஸில் ஆயில் வியர்க்கும். உள்விட்டம் பழைய ஹோஸைவிடக் குறையக்கூடாது. ஹோஸ் நடுவில் தொங்கி ஆயில் தேங்கவும் விடாதீர்கள். டர்போவிலிருந்து தள்ளி, காற்றுப்படும் இடத்தில் கேனை வையுங்கள். குளிர்ந்தால்தான் ஆவி துளியாகும்.

மாட்டியபின், குழாய்களுக்குள் புகை செலுத்திக் கசிவு தேடும் ஸ்மோக் டெஸ்ட் செய்யுங்கள். நீண்டகால ஃப்யூல் ட்ரிம் (இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) முன்பைவிட ஏறியிருந்தால் எங்கோ கசிவு.

முதல் 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை திறந்து பார்த்தால் எவ்வளவு சேர்கிறது என்று தெரியும். அதை வைத்து அடுத்த தடவையைத் தீர்மானிக்கலாம். குளிர்காலத்தில் வெண்ணெய் போல வருவது பெரும்பாலும் தண்ணீர் கலந்ததுதான். உடனே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பதறவேண்டாம். ஆனால் பனி உறையும் ஊரில் அதை வடிக்காமல் விட்டால் உறைந்து வழி அடைபடும், கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். வடித்ததை இன்ஜினில் திரும்ப ஊற்றாதீர்கள், அதில் பெட்ரோலும் இருக்கிறது.

ஏற்கெனவே வால்வில் படிந்த கரியை எந்த கேனும் எடுக்காது. வால்நட் ஓட்டுத் துகள்களை வீசிக் கரியை நீக்கும் வால்நட் பிளாஸ்டிங் செய்துவிட்டு மாட்டுவதே முறை. கேன் திடீரென்று வேகமாக நிறைய ஆரம்பித்தால் பெரிய கேன் தேடாதீர்கள், சிலிண்டர் அழுத்தத்தைக் கசியாமல் பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்டும் லீக்டவுன் டெஸ்டும் எடுங்கள்.