கையெழுத்துப் போட்டால் வழக்கு வராதா?

காரைக்குடிக் கடைப் பையன்களிடம் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு சுற்றுகிறது: ‘கல்லாவில் பணம் குறைந்தால் முதலாளி நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடு, வழக்கு வராது. மறுத்தால் அன்றைக்கே ஜெயில்.’ இரண்டுமே தப்பு.

வேலையாள் முதலாளி பொருளைத் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம்) 306-ஆம் பிரிவு. அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதற்காக உடனே கைது என்று கட்டாயமில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (கைது, விசாரணை நடைமுறைச் சட்டம்) 35-ஆம் பிரிவின்படி, ஆஜராகச் சொல்லி போலீஸ் நோட்டீஸ் கொடுக்கலாம்.

அப்புறம் அந்தத் தாள். ‘எடுத்தேன், திருப்பித் தருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால், அதையே இணைத்துப் புகார் கொடுக்கலாம். மிரட்டி வாங்கியதைத் தள்ளச் சட்டத்தில் இடமுண்டு, சரி. பித்தளைச் சாமான் அடுக்கிய பின்கட்டில், கதவைச் சாத்திக்கொண்டு மிரட்டியதற்கு யார் சாட்சி? வக்கீலைப் பார்க்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.