யார் அந்த ‘என்கிறார்கள்’?

ஜூனியர் விகடன் அறிவாலயத்துக்குப் போய்விட்டது என்று ஒருவர் எழுதுகிறார். அடுத்த வாரமே, அதே இதழ் ஆளுங்கட்சியைக் குறிவைத்து அடிக்கிறது என்று இன்னொருவர். கூடவே ஒரு புலம்பல்: ‘முன்ன மாதிரி இல்லைங்க, நடையே மாறிப்போச்சு.’ இந்த இரண்டு புகாரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நடை மாறியது உண்மை. சாய்வு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு நடையில் பதில் கிடைக்காது.

1983இல் ஜூ.வி. வந்தபோது அதன் பலம் ஊர்ப்பெயர். எந்த ஊர், எந்தத் தெரு, யார் சொன்னார், தாசில்தார் என்ன பதில் சொன்னார் என்று செய்தி தரையில் நிற்கும். அதற்குள்ளேயே இன்னொரு நடையும் வளர்ந்தது: ‘மிஸ்டர் கழுகு’ என்ற அரசியல் கிசுகிசுப் பகுதி. பறவை வந்து உட்காரும், சேதி சொல்லும், பறந்துவிடும். நக்கீரனில் ‘ஹலோ தலைவரே...’ என்று தொடங்கும் ராங்கால் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ‘உனக்கு யார் சொன்னது?’ என்று கழுகிடம் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பகுதிக்கு அது பொருத்தம், வாசகருக்கும் அது வம்பு என்று தெரியும். அந்த வினைச்சொற்கள் கூண்டைவிட்டு வெளியே வந்து மற்ற பக்கங்களிலும் உட்கார்ந்ததுதான் சிக்கல். ‘என்கிறார்கள் விவரமறிந்தவர்கள்’, ‘கோட்டை வட்டாரத்தில் பேச்சு’, ‘கமலாலயத்தில் கசிகிறது’. இப்போது அரசியல் கட்டுரை பாதிக்கும் மேல் இந்த மொழியில்தான் ஓடுகிறது, எந்த இதழை எடுத்தாலும்.

ஏன் இப்படி ஆனது? முதல் காரணம் வழக்கு. ஜெயலலிதா ஆட்சியில் 5 ஆண்டுகளுக்குள் 200க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் போடப்பட்ட கணக்கு 2016இல் உச்ச நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. முதல்வரோ அமைச்சரோ கையைவிட்டுச் செலவழிக்க வேண்டாம், அரசு வழக்கறிஞரே தாக்கல் செய்வார். ஆசிரியரும் நிருபரும் வாய்தாவுக்கு அலைய வேண்டும். பெயர்கள் மறைந்து ‘மேற்கு மண்டல மாஜி’, ‘மூன்றெழுத்து அதிகாரி’ என்று ஆனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இதில் வேடிக்கை, ‘கூறப்படுகிறது’ என்று முடித்தால் வழக்கு நிற்காது என்ற நம்பிக்கையே தவறு. அடுத்தவர் சொன்ன அவதூறை அச்சிட்டாலும் அச்சிட்டவர் பொறுப்புதான். அன்று இ.பி.கோ. 499, இன்று பாரதிய நியாய சன்ஹிதா 356. உண்மையான காப்பு ஆவணம். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடும் உரிமைக்காக நக்கீரன் நடத்திய வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான்: பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் ஆவணம் தேடப் பல நாள் அலைய வேண்டும், ‘என்கிறார்கள்’ எழுத ஒரு போன் போதும்.

இரண்டாவது காரணம் நேரம். திங்கட்கிழமை நடந்தது அன்று இரவே விவாத மேடையில் கிழிபட்டு, மறுநாள் காலையில் மீமாகிவிடுகிறது. வார இதழுக்கு மிஞ்சுவது ‘பின்னணி’ மட்டும். பின்னணி சொல்பவர் பெயர் கொடுக்க மாட்டார்.

சாய்வுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் சில விஷயங்கள் வெறும் அச்சுக்கூட விவகாரம். ‘எங்கள் தலைவர் செய்தியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள்’ என்பது ஒன்று. நடுவில் பின் அடிக்கும் 64 பக்க இதழ், ஃபாரத்துக்கு (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி) 16 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4 ஃபாரம், ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கும். வெளி ஃபாரத்தில் 1 முதல் 8 வரையும் 57 முதல் 64 வரையும் சேர்ந்தே அச்சாகும். ஃபாரங்கள் ஒரே நேரத்தில் முடிவதில்லை. வெளி ஃபாரம் கடைசியாக அச்சுக்குப் போகிற இதழில் 60ஆம் பக்கச் செய்தி ஒதுக்கப்பட்டது அல்ல, சூடாக வந்து சேர்ந்தது. அட்டைத் தேதியும் ஏமாற்றும். அதற்குச் சில நாள் முன்பே இதழ் கடைக்கு வந்துவிடும், ஆகவே ‘அந்தத் தேதிக்குள் தெரிந்தும் மறைத்தார்கள்’ என்று சொல்லுமுன் நாள் கணக்கைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். பெட்டிக்கடை போஸ்டர் வாசகத்தை வைத்துக் கட்டுரையை எடை போடுவதும் வீண். அது விற்க எழுதியது.

சரி, சாய்வை எப்படித்தான் பிடிப்பது? ஒரு இதழ் போதாது. ஆட்சி மாற்றத்தை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்: 2021 மே. அதற்கு முன் 12 இதழ், பின் 12 இதழ். தேர்தல் நேரத்து இதழ்களை விட்டுவிடுங்கள், அப்போது எல்லாமே கூட்டணிக் கணக்குதான். எதிர்மறைச் செய்திகளை மட்டும் எண்ணினால் கணக்கு கெடும். கோட்டையில் இருப்பவர்தான் டெண்டர் விடுகிறார், மாறுதல் போடுகிறார். அடியும் அவருக்குத்தான் கூடுதலாக விழும். எண்ண வேண்டியது வேறு. பென்சிலை எடுத்து, பெயரோடு பேசியவர்களுக்கு ஒரு கோடு, பெயரில்லாதவர்களுக்கு வட்டம். ஒரு கட்சியைப் பற்றிய கட்டுரையில் கோடுகள், அதற்கு எதிரான கட்சியைப் பற்றியதில் வட்டங்கள் என்று தொடர்ந்து வந்தால், அங்கே விஷயம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் எத்தனை வரி, எந்தப் பத்தியில் என்றும் குறியுங்கள். கடைசிப் பத்தியில் ‘தொடர்பு கொள்ள முடியவில்லை’ என்று மட்டும் இருந்தால் அதையும் எழுதுங்கள். அரசு முழுப்பக்க விளம்பரங்களைத் தனியே எண்ணுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். விளம்பரம் வாங்கிக்கொண்டே அடிக்கும் இதழ்களும் உண்டு.

துக்ளக்கில் இந்தப் பென்சில் வேலை அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை. 1970 முதல் 2016 டிசம்பர் வரை சோ எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அவரே எழுதிவிடுவார், படிப்பவர் அதற்கேற்பத் தள்ளுபடி போட்டுப் படிப்பார். குருமூர்த்தி ஆசிரியராக வந்த பிறகும் ஒளிவுமறைவு இல்லை, நையாண்டிதான் குறைந்துவிட்டது என்பது என் குறை. நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் இதழுக்குத்தான் அளவுகோல் வேண்டும்.

‘எல்லா ஆட்சியும் எங்களைத் திட்டுகிறது, ஆகவே நாங்கள் நடுநிலை’ என்ற பதிலும் போதாது. 1987இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியன் சட்டமன்றத் தீர்மானத்தால் சிறைக்குப் போனார். 2025 பிப்ரவரியில் மோடி கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது, மார்ச்சில் உயர் நீதிமன்றம் போய்த்தான் திறந்தது. இரண்டும் அரசின் அத்துமீறல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடி வாங்கியது துணிச்சலுக்குச் சான்று, சமநிலைக்கு அல்ல.

என் கணக்கில் சாய்வு அதிகம் தெரியும் இடம், அச்சில் வராத பக்கம். அட்டையில் ‘அதிர்ச்சி ஊழல்’ என்று வந்த 10 செய்திகளை எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். எத்தனைக்கு இரண்டாவது கட்டுரை வந்தது? வழக்கு பதிவானதா, விசாரணை முடிந்ததா, தவறான தகவல் என்று தெரிந்ததா? எந்தக் கட்சிக்காரர் மீதான புகார் பாதியில் காணாமல் போகிறது, யார் மீதானது தொடராகிறது? மறுப்பு வந்திருந்தால் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்: குற்றச்சாட்டு நாலு பக்கம், மறுப்பு ஒரு பத்தியில் எத்தனை சென்டிமீட்டர்?