மூன்றாவது லெவலில் நின்றுவிட்டால் இரண்டு நட்சத்திரமா?

குறித்த சில நாளுக்குள் ஒரு விளையாட்டைச் செய்து தரும் போட்டிதான் கேம் ஜாம். அது முடிந்து, ஒருவர் செய்ததை மற்றவர்கள் விளையாடி நட்சத்திரம் போடும் ரேட்டிங் தொடங்கியதும் புதிர் விளையாட்டுகளுக்குக் கீழே ஒரே மாதிரியான வரிகள் வந்து விழும். “அழகா இருக்கு, ஆனா மூணாவது லெவல் புரியல.” “ரொம்பக் கஷ்டம்.” “நைஸ் கேம், குட் ஜாப்.” கூடவே இரண்டோ இரண்டரையோ நட்சத்திரம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டே ஜாமில் இறங்கும் நம் பிள்ளைகளுக்கும், வேலை முடிந்து வந்து இரவெல்லாம் கோடோ என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளைத் திறந்து வைத்து உட்காருபவர்களுக்கும் இந்த வரிகளால் காலணா பயன் கிடையாது. மதிப்பிடுவதையும் ஒரு வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புதிர் விளையாட்டில் மாட்டிக்கொள்வது இரண்டு வகை. விதி தெரியாமல் மாட்டுவது ஒன்று. விதியெல்லாம் தெரிந்தும் வழி தெரியாமல் மாட்டுவது இன்னொன்று. முதல் வகை, செய்தவர் சரிசெய்ய வேண்டிய குறை. இரண்டாவது வகைதான் புதிர், அதற்காகத்தான் நாம் விளையாடவே வந்தோம். இரண்டுக்கும் சேர்த்து “கஷ்டம்” என்று ஒரே பெயர் வைத்து நட்சத்திரத்தைக் குறைப்பது பெரிய அநியாயம். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மாட்டிய இடத்தில் கையை எடுத்துவிட்டு யோசியுங்கள்: இப்போது நான்கு திசையில் எதை அழுத்தினாலும் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறதா? சொல்ல முடிந்தால் விதி உங்களுக்குத் தெரியும், மாட்டியது புதிரில்தான். முடியாவிட்டால் விளையாட்டு உங்களுக்கு எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறது.

ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெட்டி தள்ளும் விளையாட்டு, 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் வந்த சோக்கோபான் வழி. ஒரே ஒரு மாற்றம்: தரை பனிக்கட்டி. தள்ளிய பெட்டி எதிலாவது முட்டும் வரை வழுக்கிக்கொண்டே போகும். முதல் லெவலில் இலக்கு சுவரை ஒட்டியே இருக்கிறது. தள்ளினால் பெட்டி ஓடிப் போய் அங்கே நின்றுவிடும். ஒரு சொல்கூட எழுதாமல் விதி புரிந்துவிட்டது. இரண்டாவது லெவலில் இலக்கு சுவருக்கு ஒரு கட்டம் முன்னால். தள்ளினால் பெட்டி அதைத் தாண்டிப் போய்விடுகிறது. இரண்டு பெட்டிகள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றைச் சுவர் வரை அனுப்பிவிட்டு மற்றொன்றை அதன் பின்னால் அனுப்பினால், பெட்டியே பெட்டிக்குத் தடுப்பாகி இரண்டாவது பெட்டி இலக்கில் நிற்கும். மூன்றாவது லெவல் பார்வைக்கு இரண்டாவது மாதிரியே இருக்கிறது. ஆனால் ஒரு பெட்டி மூலையில் மாட்டிக் கிடக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்தும் தள்ள முடியாது. விளையாடுபவர் பழக்கத்தில் அதை எப்படி எடுப்பது என்றே கால் மணி நேரம் பார்ப்பார். விடையோ வேறு: பெட்டியை இடமிருந்து அனுப்பாமல் மேலிருந்து அனுப்பினால் இலக்குக்குக் கீழே இருக்கும் சுவரே தடுப்பு.

இங்கே நின்றுபோனவர்தான் “மூணாவது லெவல் புரியல” என்று எழுதுகிறார். ஆனால் அவருக்கு விதி முழுக்கத் தெரியும். இரண்டாவது லெவல் கொடுத்த பழக்கத்தை மூன்றாவது லெவல் வேண்டுமென்றே உடைக்கிறது. அது நல்ல வடிவமைப்பு, அதற்கு நட்சத்திரம் கூட வேண்டும். இதே விளையாட்டில் நான்காவது லெவலில் ஆறு பெட்டிகளை வைத்து, இரண்டாவது லெவலின் தந்திரத்தையே மூன்று முறை செய்யச் சொன்னால் அங்கேதான் குறைக்க வேண்டும். நேரம் கூடுகிறது, புது யோசனை எதுவும் இல்லை. எத்தனை லெவல் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். எத்தனை லெவலில் ஒரு புது எண்ணம் இருக்கிறது என்று எண்ணுங்கள். 48 மணி நேரத்தில் ஐந்து புது எண்ணம் தந்தவர் பெரிய காரியம் செய்திருக்கிறார். இருபது லெவல் போட்டு அதில் மூன்று எண்ணம் மட்டும் வைத்திருப்பவரைவிட அவர் மேலே வர வேண்டும்.

தீம், அதாவது ஜாமுக்குக் கொடுக்கும் பொதுத் தலைப்பு, அந்த விஷயத்திலும் இப்படித்தான். 2022 ஜிஎம்டிகே ஜாமின் தீம் பகடை உருட்டுவது. கட்டங்களில் பகடையை உருட்டி, சரியான எண் மேலே வரும்படி இலக்கில் கொண்டு நிறுத்தும் விளையாட்டுகள் வந்து குவிந்தன. முதல் யோசனையாக எல்லோருக்கும் தோன்றக்கூடியது என்பதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை, உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பகடையின் கணக்கு ஒன்று இருக்கிறது. 2×2 கட்டத்துக்குள் மட்டும் உருட்டினால், ஒரு முறை சுற்றி வரும்போது பகடை மூன்றில் ஒரு பங்கு திரும்பும். மூன்று சுற்றில் பழைய நிலைக்கே வந்துவிடும். ஆக ஒரு கட்டத்தில் மூன்றே நிலைகள்தான். ஆனால் 2×3, வெறும் ஆறு கட்டம் திறந்து கிடந்தால் போதும், எந்தக் கட்டத்திலும் எந்த எண்ணையும் மேலே கொண்டுவந்துவிடலாம். அதனால் விசாலமான அறை கொடுத்தால் புதிர் செத்துவிடும். விளையாடுபவர் யோசிக்காமல் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டே இருந்து எப்படியோ முடித்துவிடுவார். ஒற்றைக் கட்ட அகலப் பாதையும், திருப்பத்துக்கு ஓரிரு கட்டமும் வைத்தவர்தான் பகடையைப் புரிந்துகொண்டவர். “முடிச்சேன், ஆனா எப்படி முடிச்சேன்னு தெரியல” என்று உங்களுக்குத் தோன்றினால் அதை அப்படியே கருத்தில் எழுதுங்கள். அவருக்கு அதைவிட உதவும் வரி இல்லை. இடம் அதிகம், குறைக்க வேண்டும் என்று அவருக்கு உடனே புரிந்துவிடும்.

சின்ன விதியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ‘பாபா இஸ் யூ’ என்ற புதிர் விளையாட்டு இருக்கிறது. 2017 நோர்டிக் கேம் ஜாமில் ‘அங்கே இல்லை’ என்ற தீமுக்காக ஆர்வி தெய்காரி செய்தது. விதிகளே தள்ளக்கூடிய சொற்களாகக் களத்தில் கிடக்கும். சொல்லைத் தள்ளி வரியை உடைத்தால் சுவர் சுவராக இருக்காது. அந்த ஜாமில் வென்று, 2019 மார்ச்சில் முழு விளையாட்டாக வந்தது. நம் ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று புலி, பதினைந்து ஆடு, தரையில் கிழித்த சில கோடுகள். விதியை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஆடத் தொடங்கினால் பொழுது போவது தெரியாது. ஜாம் விளையாட்டில் தேட வேண்டியது இந்தச் சாடையைத்தான்.

இனி குறைகள். புதிர் விளையாட்டில் அன்டூ, அதாவது போட்ட நகர்வைத் திரும்ப எடுக்கும் வசதி, இல்லாவிட்டால் நான் தயங்காமல் குறைப்பேன். ஒரு தப்பான தள்ளலுக்காக முப்பது நகர்வை மறுபடி போடச் சொல்வது யோசனையைத் தண்டிப்பது. இசட் விசைக்கு அன்டூ, ஆர் விசைக்கு ரீஸ்டார்ட், இரண்டும் திரையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அன்டூ ஒரு படியோடு நிற்கக் கூடாது, தொடக்கம் வரை போக வேண்டும். கை தவறி ஆர் அழுத்திவிட்டால் அந்த ரீஸ்டார்ட்டையும் அன்டூ செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. இதைக் கடைசி நாளில் சேர்ப்பது சிரமம். நகர்வுக்கு நகர்வு களத்தின் நிலையைச் சேமித்து வைக்கும்படி முதல் மணி நேரத்திலேயே எழுதிவிட்டால் பத்து வரி வேலைதான். அடுத்தது அசைவு. பெட்டி ஒரு கட்டம் நகர அரை வினாடி எடுத்து, அதுவரை விசையை வாங்காமல் இருந்தால் இரண்டாவது லெவலிலேயே எரிச்சல் வந்துவிடும். பத்தில் ஒரு வினாடி போதும், அதற்குள் அழுத்திய அடுத்த விசையையும் நினைவில் வைத்து நகர்த்த வேண்டும். எல்லா லெவலையும் தொடக்கத்திலேயே திறந்து வைப்பதும் முக்கியம். மதிப்பிட வருபவர் ஒரு விளையாட்டுக்குப் பதினைந்து நிமிடம் தருவார். நான்காவதில் மாட்டினால் ஐந்தாவதைப் பார்க்காமலேயே போய்விடுவார், உங்கள் மிகச் சிறந்த லெவல் ஏழாவதாக இருக்கும்.

பிரவுசரில் ஓடும் விளையாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் சில: அம்புக்குறியை அழுத்தினால் பக்கமே மேலும் கீழும் ஓடுவது, ஒரு முறை சொடுக்கும் வரை ஒலி வராதது, விண்டோஸில் தெரிந்த படம் தளத்தில் ஏற்றியதும் காணாமல் போவது. கடைசிக்குக் காரணம் பெரும்பாலும் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம். ஜாம் விளையாட்டுகளை ஏற்றி வைக்கும் இட்ச் தளம் அதைக் கறாராகப் பார்க்கும். கோடோ 4இல், 4.3க்கு முந்திய பதிப்பில் ஏற்றுமதி செய்தவர்களுக்குத் திரையே வராமல் போவதும் உண்டு. இட்சின் அமைப்புப் பக்கத்தில் ஷேர்ட்அரேபஃபர் என்ற பெட்டியில் டிக் போட மறந்திருப்பார்கள். இப்படிப்பட்ட விளையாட்டு கண்ணில் பட்டால் குறைத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். “ஓடவில்லை, இன்ன பிரவுசர், இன்ன செய்தி வந்தது” என்று எழுதிவிட்டு, சரியான பிறகு வந்து நட்சத்திரம் போடுங்கள். அதேபோல ஈசூனில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் போவதற்குள் கைப்பேசியில் நான்கு விளையாட்டை மதிப்பிட்டுவிடலாம் என்றும் இறங்காதீர்கள். பெரும்பாலானவை கீபோர்டுக்குச் செய்தவை. மடிக்கணினியில், காதொலிப்பானோடு உட்காருங்கள்.

எண்ணிக்கையின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். லூடம் டேர் என்ற ஜாமில் ஒரு விளையாட்டுக்கு இறுதி மதிப்பெண் வர 20 பேர் மதிப்பிட்டிருக்க வேண்டும். இட்ச் தளத்தின் ஜாம்களில் வேறு கணக்கு. எல்லா விளையாட்டுகளுக்கும் கிடைத்த வாக்கு எண்ணிக்கைகளை வரிசைப்படுத்தி, நடுவில் வரும் எண்ணான இடைநிலையை எடுப்பார்கள். உங்களுக்கு அதைவிடக் குறைவாக வந்திருந்தால் மதிப்பெண்ணை இறக்குவார்கள். இடைநிலை 16, உங்களுக்கு வந்தது 9 என்றால் 9ஐ 16ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.75. அதால் பெருக்கும்போது, சராசரி 4.6 வாங்கியிருந்தாலும் 3.45 ஆகிவிடும். நன்றாகச் செய்துவிட்டு, யாரும் வந்து விளையாடாததால் கீழே போன புதிர்கள் எத்தனையோ. நீங்கள் பதினைந்து நிமிடம் ஒதுக்கிப் போடும் ஒரு வாக்கு இந்தக் கணக்கில் எடை உள்ளது. செய்தவர்களும் மற்றவர்களின் விளையாட்டுகளுக்குப் போய் எழுதினால்தான் அந்த மற்றவர்களும் இவர்களுடையதை விளையாட வருவார்கள்.

தமிழில் புதிர் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. யூனிட்டி என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் ‘பெட்டி’ என்று எழுதினால் கொம்பு ‘ப’வுக்கு முன்னால் போகாது. பின்னால் நின்று அடுத்த ‘ட்’டோடு ஒட்டிக்கொள்ளும். ‘கதவை’ என்றால் ஐகாரக் குறி கடைசியில் தனியாகத் தொங்கும். சேமிப்பில் உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் இருக்கிறது. திரையில் முன்னால் கொண்டுவரும் வேலையை அந்த மென்பொருள் செய்வதில்லை. கோடோ 4 செய்கிறது, ஆனால் இணைய ஏற்றுமதியில் கணினியின் எழுத்துரு கிடைக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைத் திட்டத்துக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். யூனிட்டியை விட முடியாதவர்கள் இருபது முப்பது சொல்லைப் படமாக்கி வைத்துவிடுவது ஜாமுக்குப் போதுமான வழி.

சொல் விளையாட்டு என்றால் இன்னும் கவனம். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து குறியீடு: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும், கட்டம் ஐந்து வரைந்துவிடும், புள்ளி தனிக் கட்டத்தில் போய் உட்காரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்டல் செக்மென்டர் என்ற வசதி இதைச் சரியாக மூன்றாகப் பிரித்துத் தரும். ஆனால் ‘க்ஷ’ இரண்டாகத்தான் உடையும், அதை ஓர் எழுத்தாக எண்ண வேண்டுமா என்பதை நீங்களே முடிவுசெய்து விதியாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், விளையாடுபவர் மேலே சொன்ன முதல் வகையில்தான் மாட்டுவார்.

சமர்ப்பிக்கும் முன் சோதிக்க ஒரே ஓர் ஆள் போதும். புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடை மேசையில் மடிக்கணினியை நண்பர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள். “இல்ல, அந்தப் பக்கம் தள்ளு” என்று நீங்கள் சொன்ன கணமே சோதனை கெட்டது. அவர் எங்கே நிற்கிறார், நின்றபோது முதலில் எதை அழுத்துகிறார் என்பதை மட்டும் தாளில் குறியுங்கள். பாதி நேரம் முடிந்த கட்டத்தில் இதைச் செய்தால் லெவல் வரிசையை மாற்ற இன்னும் அவகாசம் இருக்கும். கடைசி ஆறு மணி நேரத்தில் புது லெவல் சேர்க்காதீர்கள், இருப்பவற்றில் ஒன்றிரண்டைத் தூக்குங்கள்.

மதிப்பிடுபவரும் அதே தாளைத்தான் எழுதித் தர வேண்டும். நான்கு விஷயம்: எந்த லெவல், எந்த நகர்வு, என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது. “நான்காவது லெவல், இரண்டாவது பெட்டியை வலப்பக்கம் தள்ளினேன், கதவில் முட்டி நிற்கும் என்று நினைத்தேன், கதவு திறந்திருந்ததால் உள்ளே போய்விட்டது, கதவு திறந்திருப்பது நிறத்தில் தெரியவில்லை.” இதை எழுத ஒரு நிமிடம் ஆகாது. படிப்பவர் அன்றிரவே கதவின் நிறத்தை மாற்றிவிடுவார்.

அடுத்த ஜாமில் இறங்குபவர்கள் உங்கள் விளையாட்டின் இணைப்பைக் கீழே கருத்தில் போடுங்கள். தமிழில் செய்ததானால் கட்டாயம் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, எந்த லெவலில் எந்த நகர்வில் நின்றேன் என்று எழுதுகிறேன்.