தத்துப் பிள்ளைக்கு இரண்டு பெற்றோரையும் பதியலாம்

குடும்ப மரம் பதியும் மென்பொருளில் தத்துப் பிள்ளையை வளர்த்த பெற்றோரோடு சேர்க்க, பெற்றவர்களின் இணைப்பை நீக்கியாக வேண்டும், மென்பொருள் ஒரு ஜோடிப் பெற்றோரைத்தான் ஏற்கும் என்று ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. அதை நம்பி யாரும் எதையும் அழித்துவிட வேண்டாம்.

கிராம்ப்ஸ் (Gramps) என்ற குடும்ப மர மென்பொருளில் ஒரே நபரை இரண்டு குடும்பங்களிலும் பிள்ளையாகச் சேர்க்கலாம். குடும்பப் பதிவில் பிள்ளையின் பெயரை வலது கிளிக் செய்து உறவைத் திருத்தப் போனால், தாய்க்குத் தனியாக, தந்தைக்குத் தனியாக உறவு வகை கேட்கும். எதுவும் மாற்றாவிட்டால் 'பிறப்பு' என்றே இருக்கும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். தாயின் மறுமணத்துக்குப் பிறகு புதுக் கணவர் மட்டும் தத்தெடுத்திருந்தால், தாய்க்குப் 'பிறப்பு', அவருக்குத் 'தத்து'.

குடும்ப மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகப் பயன்படும் ஜெட்காம் (GEDCOM) 5.5.1 கோப்பு வடிவத்திலும் இதற்கு இடமுண்டு. சோதிக்க, மரத்தை ஜெட்காமாக ஏற்றுமதி செய்து நோட்பேடில் திறந்து அந்தப் பிள்ளையின் பதிவைத் தேடுங்கள். 'எஃப்.ஏ.எம்.சி' (FAMC) என்ற, பிள்ளையாக இருக்கும் குடும்பத்தைக் காட்டும் வரி இரண்டு முறை இருந்தால் இரண்டு குடும்பங்களும் பதிவாகியுள்ளன. வளர்த்த குடும்பத்து வரிக்குக் கீழே தத்து உறவைக் குறிக்கும் 'பி.இ.டி.ஐ அடாப்டட்' (PEDI adopted) என்றும் இருக்க வேண்டும். சில செயலிகள் இந்த வரியை எழுதாமல் விட்டுவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.